சலேத்மேரியின் பின்னால் நடந்த பை

பாலாற்றங்கரையில், காற்று திரும்பும்போதெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த ஊரில், பழைய பைத் தெரு என்று ஒரு தெரு. சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும், கப்பலேறி வெளிதேசங்களிலிருந்தும், யார் யாரோ ஆசையாக வாங்கித் தோளில் மாட்டி, பிறகு சலித்துப்போய்த் தூக்கி எறிந்த தோல் கைப்பைகளெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும், குளித்துத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு மறுபடி அங்கிருந்து கிளம்பிப் போகும். அந்தத் தெருவில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தண்ணீர் லாரியும் பள்ளிக்கூட ஆட்டோவும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கைப்பை தன் அடியில் இருந்த நாலு பித்தளைக் குமிழ்களையும் ஊன்றி எழுந்து ஒருத்தியின் பின்னால் நடந்து வந்தது. பை நடந்ததில் ஊருக்கு அப்படியொன்றும் ஆச்சரியமில்லை. ஆடாகவும் மாடாகவும் ஒரு காலத்தில் நடந்த தோல்தானே, நடக்கத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டார்கள். அது யார் பின்னால் நடந்தது என்பதில்தான் ஊருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் அவளைக் கொன்று தின்றது.

அவள் பெயர் சலேத்மேரி. நாற்பத்தாறு வயது, வாஹித் பாயின் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். அவளுடைய கையைப் பற்றித் தெருவே பேசும். மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு பைக்குள்ளும் மூக்கை விட்டு, இது சிகரெட் பிடிக்கிற வீட்டுப் பை, இது நாய் வளர்க்கிற வீட்டுப் பை, இது பீரோவை விட்டு வெளியே வராத பை என்று பிரித்து வைத்துவிடுவாள். உள்துணியை வெளியே இழுத்து உதறி, பிரஷ்ஷால் தூசி தட்டி, யார் கண்ணுக்கும் படாத அடிமூலை ஒன்றில் சோப்பு நுரையை ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, சாயம் கையோடு வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற இடத்தைத் தொடுவாள். வெயில் காட்டாமல் நிழலிலேயே காயவைத்து, மெழுகும் எண்ணெயும் கலந்த களிம்பை உள்ளங்கைச் சூட்டிலேயே இளக்கித் தோலுக்கு ஊட்டி, சிராய்ப்பைப் பசை போட்டு அடைத்து, கலந்த சாயத்தைத் தன் புறங்கையில் பூசிப் பார்த்து, கைப்பிடியில் வருஷக்கணக்காக ஏறியிருக்கும் வியர்வைக் கறுப்பைச் சுத்தமாக எடுத்து, கடைசியில் கரித்துண்டையும் காப்பித்தூளையும் துணியில் முடிந்து மூன்று நாள் உள்ளே போட்டு வைத்தாளானால், பழைய சொந்தக்காரியின் வாடை துளிகூட மிஞ்சாது. "சலேத்து கழுவின பைக்குத் தாய் யாருன்னு அதுக்கே தெரியாது" என்பார் வாஹித் பாய். இத்தனை பைகளைக் கழுவினவள் வேலைக்கு வந்தது ஒரு மஞ்சள் வயர் கூடையோடு. அதில் ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஜெபமாலை. தோல் பை என்று ஒன்று அவள் தோளில் ஏறினதே கிடையாது. அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போது, வாஹித் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மரகதவல்லி அம்மா பட்டறைக்கு வந்தார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை ஆள், கச்சேரித் தெருவில் வீடு. முப்பது வருஷம் ஒரே பையை இடது தோளில் மாட்டி மாட்டி அந்தத் தோளே இரண்டு விரல் இறங்கிப்போயிருந்தது. அந்தப் பையைத்தான் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கறுத்து, விறைத்து, மடிப்பெல்லாம் வெடித்து, இது எந்த நிறத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாமல் கிடந்தது.

"இதுக்கு வயசாயிடுச்சும்மா. எனக்கும்தான் ஆயிடுச்சு. என்னை ஒண்ணும் பண்ண முடியாது, இதையாவது பண்ணிக் கொடு" என்று சொல்லிச் சிரித்தார். திரும்பிப் போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டேதான் போனார்.

பதினோரு நாள், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பையோடு சலேத்மேரி குடித்தனமே நடத்தினாள். கறுப்புக்குக் கீழே பழுப்பு வந்தது, பழுப்புக்குக் கீழே பழுக்கத் தொடங்கின நாவற்பழத்தின் சிவப்பு வந்தது. வெடிப்பெல்லாம் மூடி, தோல் இளகி, விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்பி வந்தது. பன்னிரண்டாம் நாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, தோளில் போட்டால் பட்டை எப்படித் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும் இல்லையா, வேலைக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை, அவள் அதை மாட்டிக்கொண்டு பட்டறைச் சுவரில் இருந்த உடைந்த கண்ணாடித் துண்டின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியில் ஒரு பாதி முகமும் ஒரு தோளும் அந்தப் பையும் தெரிந்தன. ஐயோ, அந்தத் தோள் யாருடைய தோள்! அது கழுவுகிறவளின் தோள் இல்லை, எங்கேயோ கிளம்பிப் போகிறவளின் தோள். கழற்ற வேண்டும் என்று கை போனது, போன கை பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது, சாப்பிடப் போனவர்களின் பேச்சுச் சத்தம் வாசலில் கேட்டதும் அவசர அவசரமாகப் பை அவளுடைய வயர் கூடைக்குள் போய், அதன்மேல் துடைக்கிற துணி ஒன்றும் போய் மூடிக்கொண்டது.

பைத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சில பைகள் தண்ணீர் பட்டதும் தோல் பிரிந்து கூழாகிவிடும்; பை செத்துப்போச்சு என்பார்கள். யார் கையில் செத்ததோ அவர்தான் அந்தப் பையின் பித்தளையை, பூட்டோ வளையமோ, வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் போய்த் தர வேண்டும். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. கொன்ற கைக்கு உபசாரம் ஆகாது என்று கணக்கு. சலேத்மேரி தகர டப்பாவில் கிடந்த பழைய பூட்டுகளில் பார்வைக்குப் பொருந்துகிற ஒன்றைப் பொறுக்கி, பளபளவென்று தேய்த்து, வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு கச்சேரித் தெருவுக்குப் போனாள்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. உங்க பை என் கையில செத்துப்போச்சு."

மரகதவல்லி முடிச்சை வாங்கி, பிரிக்காமல், கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். "போகட்டும் விடும்மா. நீ வேணும்னா பண்ணினே? வெயில்ல வந்திருக்கே, உக்காரு, மோர் தரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். செத்த பைக்கு உண்டான வழக்கம் அது. ஆனால் பை சாகவில்லையே, அப்புறம் எந்த முகத்தோடு வழக்கம் பேசுவது என்று அவளுக்குள் ஒரு கேள்வி குறுக்கே விழுந்தது, அந்தத் தடுமாற்றத்தில் டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டாள். பெருங்காயம் போட்ட நல்ல மோர். பொய் சொன்னதைக்கூட அவள் பிறகு சில நாள் மறந்திருக்கிறாள், மோர் குடித்ததை ஒரு நாளும் மறக்க முடியவில்லை.

பை அவள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் பதினேழு நாள் இருந்தது. புருஷன் இருதயராஜ் தோல் ஷாப்பில் வாட்ச்மேன். அவன் டியூட்டிக்குப் போன பிறகு எடுத்துத் தோளில் மாட்டி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்து, திரும்ப ஒளித்து வைப்பாள். வெளியே எடுத்துப்போக ஒரு நாளும் தைரியம் வரவில்லை. பதினெட்டாம் நாள், மேலே சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, வயர் கூடையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் டிக் டிக் டிக் என்று கல்லில் பித்தளை தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றால் சத்தமும் நின்றது, நடந்தால் சத்தமும் நடந்தது, திரும்பிப் பார்த்தால் நாவற்பழச் சிவப்பில், தோள்பட்டை தரையில் இழுபட, வாய் பாதி திறந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது பை. "போ, வீட்டுக்குப் போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினாள். அது இரண்டு அடி பின்வாங்கி, மறுபடி வந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். "என்ன சலேத்து, பை உன் பின்னாலயே வருது?" என்றார் ஒருவர். "வந்துட்டுப் போவுது, நீ டீயைக் குடி" என்றார் இன்னொருவர். பட்டறை வாசலில் வாஹித் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, குனிந்து பையைப் பார்த்து, நிமிர்ந்து அவளைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், உயிரே குடுத்துட்டியேம்மா. எந்த மூட்டையில வந்த பை இது?" என்று கேட்டார்.

அவள் உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். கேட்டவர் நல்ல மனுஷன், கூட்டமும் அதிகமில்லை. "லண்டன் மூட்டை பாய்" என்றது அவள் வாய்.

அன்றிலிருந்து அதற்கு லண்டன் என்றே பெயராகிவிட்டது. லண்டனை ஊர் எப்படித் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. டவுன் பஸ் கண்டக்டர், கையில் தூக்கி ஏற்றினால் லக்கேஜ், தானாகப் படியேறினால் குழந்தை, குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, இதைப் பற்றி மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை, அதனால் பூசைக்கு வரலாம், நற்கருணை நேரத்தில் மட்டும் செருப்பு விடும் இடத்தில் நிற்கட்டும் என்றார். கறிக்கடைத் தெருவை மட்டும் லண்டன் மிதிக்காது. அங்கே போக வேண்டியிருந்தால் சலேத்மேரி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், கறிக்கடைக்காரர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுக்கு என்ன நினைப்போ பாவம் என்றார்கள். மழை பெய்தால் யாராவது ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் அதற்கு இடம் கொடுத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்கள் அது எதிரே வருவதற்காகத் தெருமுனையில் காத்திருந்தார்கள். மற்றப் பட்டறைகளில் பெண்கள் தாங்கள் கழுவுகிற பைகளோடு பேச ஆரம்பித்தார்கள். சாந்தா, அழகா இருக்கே, எழுந்திரு பாக்கலாம் என்று ஒவ்வொரு பைக்கும் பெயர் வைத்துக் கொஞ்சினார்கள், எழுந்திருக்காத பையைச் சோம்பேறிக் கழுதை என்று திட்டி மூட்டை கட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, சலேத்மேரியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். பட்டறை வாசலில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஏறியது. பொங்கலுக்கு முந்தின வாரம் தெருச் சங்கத்தில் கூட்டம் கூட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். "பொய்யில்லாத உழைப்புக்குத் தோலே எழுந்து சாட்சி சொல்லும்" என்று சங்கத் தலைவர் மைக்கில் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று; மேடையில் நாற்காலிக்கு அடியில் லண்டன் படுத்திருந்தது, நாற்காலியில் சலேத்மேரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள். இருதயராஜ் ஷாப் கேட்டில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம்பொண்டாட்டி கையி! நேத்து என்னைப் பாத்துத் தலையாட்டுச்சு தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லி அவன் தொண்டை கட்டிப்போயிற்று. வாழ்க்கையில் அவன் பெருமைப்பட்டுக்கொள்ள அதற்கு முன்னால் ஒன்றுமே வாய்த்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் அழுதுவிடலாம், புகழ்கிறவர்களை என்ன செய்வது? கும்பிட்ட ஒவ்வொரு கையும் அவள் கன்னத்தில் விழுந்தது.

அதோடு பயம். ஊரே வந்து பார்க்கிறது. ஒரு நாள் அந்த அம்மாவும் வருவார். கூட்டத்தில் எங்கேயாவது இடது தோள் இறங்கின ஓர் உருவம் தெரிகிறதா என்று அவள் கண் தேடிக்கொண்டே இருக்கும். கச்சேரித் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் வந்தார்கள், மரகதவல்லி வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாசம், மூன்று மாசம். மாதாவே, உனக்குக் கோடி நன்றி என்று கோயில் வாசலில் மாதா சிலை இருக்கும் கெபியின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, எதற்கு நன்றி சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்து, ஏற்றின மெழுகுவர்த்தியைத் தானே ஊதி அணைத்துவிட்டு வந்தாள்.

தை மாசம் ஒரு காலையில் கீரை விற்கிற தெய்வானை பட்டறைக்குள் வந்து, கூடையை இறக்கி வைத்து, லண்டனின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எங்க தெருவுல எல்லாரும் பாத்தாச்சுக்கா, அந்த டெலிபோன் அம்மா ஒண்ணுதான் பாக்கல. எங்க பாக்கும்? வாசப்படியத் தாண்டி நாலு அடி வெச்சா அப்படியே ஒரு பக்கமா சாஞ்சுபோவுது. அந்தத் தோளு முப்பது வருஷம் பாரம் தூக்கிப் பழகினது. பாரம் இல்லன்னா நடையே வர்லியாம். கட்டைப் பை மாட்டிப் பாத்துச்சு, துணிப் பை மாட்டிப் பாத்துச்சு, ஒண்ணும் சேரல. பேங்குக்குப் போயி உயிரோட இருக்கேன்னு கையெழுத்து போடணுமில்ல வருஷா வருஷம்? அதுக்கும் போகல. இப்ப பென்ஷனும் நின்னுபோச்சு. காயிதத்துல அது செத்துப்போச்சுக்கா, நான் குடுக்கற கீரையத்தான் ஆக்கித் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கு."

சலேத்மேரி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். செத்துப்போச்சு என்று தான் சொன்ன சொல் எங்கே போய் இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவமானம் என்றால் என்ன என்று இந்த மூன்று மாசத்தில் முழுக்கத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைத்திருந்தாள். அதெல்லாம் சும்மா மேல்சாயம். அவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தெருவில் இறங்கி நடந்தாள். டிக் டிக் என்று லண்டன் கூட வந்தது. லண்டன் வேலை நேரத்தில் வெளியே வருவதைப் பார்த்து டீக்கடை எழுந்து வந்தது, பட்டறைப் பெண்கள் ஏப்ரனோடு வந்தார்கள், வாஹித் பாய் வந்தார், ஷாப் கேட்டைத் தாண்டும்போது இருதயராஜும் சேர்ந்துகொண்டான். கச்சேரித் தெருவில் நுழையும்போது தேர்க்கூட்டம். திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்க இப்படி ஊர்வலமாகப் போனவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கூட்டம் கேட்டுக்கு வெளியே நின்றது. அவளும் பையும் மட்டும் உள்ளே போனார்கள். மரகதவல்லி கூடத்தில் சுவரோரமாக நாற்காலியில் இருந்தார், மெலிந்துபோயிருந்தார். சலேத்மேரி கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, உங்க பை சாகல. நான்தான் எடுத்துக்கிட்டேன்."

"தெரியும்" என்றார் மரகதவல்லி.

சலேத்மேரி சாத்தின கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நீ கொண்டாந்த பூட்டு டக்குனு சத்தம் போட்டுச்சு. என் பைப் பூட்டு சத்தம் போடாது. லைன்ல ஆளுங்க பேசிக்கிட்டிருக்கறப்போ பையத் திறந்தா சத்தம் கேக்கக் கூடாதுன்னு நானே உள்ளே கம்பளித் துண்டு வெச்சு ஒட்டியிருந்தேன். நீ தெரு திரும்பினதும் முடிச்சை அவுத்து அழுத்திப் பாத்தேன். டக்."

"அப்பவே வந்து நாலு அறை விட்டிருக்கலாமேம்மா? ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இல்லேன்னு சொல்லுவே. என் வீட்டு மோரைக் குடிச்ச வாயால நீ அதை வேற சொல்லி, நான் உக்காந்து கேக்கணுமா? எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். பிறகு பையைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அட, இந்த நிறம்! வாங்கின அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு. வா, வா இங்க" என்று இடது தோளைத் தட்டிக் கூப்பிட்டார்.

பை முன்னால் போனது. நீட்டின கையருகில் நின்றது, பட்டையால் அந்த விரல்களை ஒரு தடவை தொட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி டிக் டிக் என்று வந்து சலேத்மேரியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"என்னைத் தெரியலையா அதுக்கு?"

"நான்தாம்மா கழுவிட்டேன்." சலேத்மேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கைப்பிடியில உங்க கை இருந்துச்சு. உள்துணியில உங்க வாடை இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன். அதை என்னால திருப்பித் தர முடியாதும்மா."

பை போனபோது அழாதவர், பென்ஷன் நின்றபோது அழாதவர், அப்போது புடவைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். சலேத்மேரி அந்த அழுகையை உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். எழுந்து போவதற்கோ ஆறுதல் சொல்வதற்கோ தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்து கேட்டாள். அழுகை ஓய்ந்த பிறகுதான் பேசினாள். "அது என் பின்னாலதான் வரும். அப்போ நான் உங்க கூட வரேன். இடது பக்கம் நிக்கறேன், எம்மேல பாரத்தைப் போடுங்க. பேங்குக்குப் போயி நீங்க உயிரோட இருக்கறதைச் சொல்லிட்டு வந்துடலாம்."

மரகதவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தார். செருப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். வாசலில் அவள்மேல் சாய்ந்து முதல் அடி வைத்தார், இரண்டாவது அடி வைத்தார், நாலாவது அடியில் விழவில்லை. கேட்டைத் திறந்ததும் இருதயராஜ் முன்னால் வந்து, முகமெல்லாம் பல்லாக, "பாத்தீங்களாம்மா? எங்க வீட்டுக்காரி கைவேலை!" என்றான்.

மரகதவல்லி ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். "பாத்தேன்பா. நல்ல கை" என்றார்.

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பேங்க் வரைக்கும் நடந்ததுதான் சலேத்மேரியின் வாழ்க்கையிலேயே நீளமான நடை. தன்மேல் சாய்ந்திருந்த அந்த உடம்பு ஒன்றும் கனக்கவில்லை.

பேங்க் ஊழியர் ஊருக்குப் புதுசு, சின்ன வயசு. பையைப் பார்த்து, அதைத் தண்ணீர் கேன் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, மரகதவல்லியின் புத்தகத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கூட்டம் கண்ணாடிக் கதவு வரைக்கும் நெருக்கிக்கொண்டு நின்றது. "லேட்டாயிடுச்சும்மா. இனிமே உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நீங்கதான் அவங்கன்னு, உயிரோட இருக்கீங்கன்னு. இவங்க போடுவாங்களா? உங்களுக்கு என்ன உறவு?"

"தெரிஞ்சவங்க" என்றார் மரகதவல்லி.

சாதாரணமாகத்தான் சொன்னார், பெரிய மனசோடுதான் சொன்னார். ஆனால் ஒரு பொய்யைக் கேட்பதுகூட வேண்டாம் என்று மூன்று மாசம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷி, இன்றைக்கு இவளுடைய திருட்டை மறைக்க ஒரு பொய்யைத் தானே சொல்கிறார். அதை மட்டும் சலேத்மேரியால் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க சார்." அவள் குரல் கண்ணாடிக் கதவு வரைக்கும் கேட்டது. "நான் இவங்க பையைத் திருடினவ. அதோ நிக்குதே, அதுதான். லண்டனும் இல்ல கிண்டனும் இல்ல, இந்த அம்மாவோட பை அது. செத்துப்போச்சுன்னு இவங்க வீட்டுல போயி பொய் சொல்லிட்டு வந்தேன். உங்க எல்லாருகிட்டயும் லண்டன் மூட்டைன்னு சொன்னேன்."

டோக்கன் கூப்பிடுகிற மெஷின் மட்டும் யாரோ ஒருவருடைய எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டது. வாஹித் பாய் தலையைத் திருப்பிக்கொண்டார். தெய்வானை மாரில் கையை வைத்துக்கொண்டாள். இருதயராஜ் மனைவியைப் பார்க்கவில்லை. தன் வாட்ச்மேன் சட்டையின் பித்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நின்றான்.

ஊழியர் பேனாவை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார். "சரிம்மா. ஆனா உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. நான் என்னன்னு எழுதறது?"

"அவ சொன்னதையே எழுதுங்க" என்றார் மரகதவல்லி.

ஊழியர் நிறுத்தி நிதானமாக எழுதி, காகிதத்தைச் சலேத்மேரியின் பக்கம் திருப்பி வைத்தார். உறவு: பையைத் திருடியவர். அவள் எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்தாள். எழுத வேண்டிய கையில்தான் மரகதவல்லி சாய்ந்திருந்தார். அவர் நகரவில்லை, அவளும் நகரச் சொல்லவில்லை. அந்தப் பாரத்தோடேயே, அந்த எழுத்துகளுக்கு நேர் கீழே, இனிஷியலோடு தன் பெயரை முழுசாக எழுதினாள்.